வீட்டைப் பெருக்கச் சொன்னால் ரோபோ என்ன கேட்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களாக வந்துகொண்டிருக்கும் நான்கு கட்ட ரோபோ சிரிப்புப் படக்கதை பற்றி எழுதுகிறேன். தமிழ் நாளிதழ் ஒன்று ரோபோவை வைத்து வாராவாரம் படக்கதை போடுவதே வரவேற்க வேண்டிய காரியம். அது நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில்தான், ஏன் சிரிப்பு வராமலே முடிகிறது, அதைச் சரிசெய்ய என்ன வழி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓவியரின் கோடு சுத்தமாக இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எங்கே என்றால், அந்த ரோபோ ரோபோவே இல்லை. பழைய வார இதழ் துணுக்குகளில் வரும் வேலைக்காரனைத் தகரத்துக்குள் நிற்க வைத்திருக்கிறார்கள். அது காபியைக் கொட்டுகிறது, தூங்கி வழிகிறது, சாக்குச் சொல்கிறது, லீவு கேட்கிறது. ரோபோ என்ற இடத்தில் முனியன் என்று எழுதிப் பாருங்கள். ஜோக் ஒரு துளி மாறாது. பெயரை மாற்றியும் அப்படியே நிற்கிற ஜோக், ரோபோ ஜோக் ஆகாது. ஒவ்வொரு வாரமும் அச்சுக்குப் போகும் முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதி சரியாகிவிடும்.

கை அந்தப் பக்கம் போவதற்குக் காரணமும் இருக்கிறது. ரோபோ என்ற சொல்லே வேலையிலிருந்து வந்ததுதான். செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-ல் எழுதிய நாடகத்தில் அந்தச் சொல் வந்தது; அதை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் ஜோசப். 'ரொபோட்டா' என்றால் செக் மொழியில் கட்டாய வேலை; சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருமே, ஏறக்குறைய அது. ஆனால் வேலைக்காரனுக்கும் ரோபோவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மனிதனிடம் ஒரு விதியைச் சொன்னால், அது அபத்தமாகப் போகிற இடத்தில் அவன் நின்றுவிடுவான். ரோபோ நிற்காது, கடைசி வரைக்கும் போகும். அங்கேதான் சிரிப்பு பிறக்கிறது. அந்தச் சிரிப்பு ரோபோவின் மேல் விழக் கூடாது, விதியைப் போட்டவர் மேல் விழ வேண்டும்.

இதை மிகச் சிறப்பாகச் செய்து காட்டிய படக்கதை பிரிட்டனின் '2000 ஏடி' வார இதழில் 1978-ல் தொடங்கிய 'ரோபோ ஹன்டர்'. ஜான் வாக்னர் எழுதினார், பெரும்பகுதியை வரைந்தவர் இயன் கிப்சன். கெட்டுப்போன ரோபோக்களை வேட்டையாடுவது சாம் ஸ்லேட் என்பவனின் தொழில். அவனை வெர்டஸ் என்ற கிரகத்துக்கு அனுப்புகிறார்கள். மனிதர்கள் குடியேறுவதற்கு முன்பே ரோபோக்களை அங்கே இறக்கி, ஊரைக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ரோபோக்களுக்குள் ஒரு விஷயம் ஆழமாகப் பதிந்திருக்கிறது: மனிதன் ரோபோவைவிட உயர்ந்தவன். அவை ஊரைக் கட்டி முடித்துவிட்டுக் காத்திருக்கின்றன. மனிதர்கள் வந்து இறங்குகிறார்கள். ரோபோக்கள் அவர்களை நன்றாகப் பார்க்கின்றன. நம்மைவிட எந்த வகையிலும் உயர்ந்தவர்களாகத் தெரியவில்லையே! ஆகவே இவர்கள் மனிதர்களாக இருக்க முடியாது, மனிதனைப் போலச் செய்த போலிகள். 'சிம்' என்று பெயர் வைத்துப் பிடித்து அடைத்துவிட்டு, உண்மையான மனிதர்கள் வரட்டும் என்று காத்திருக்கின்றன.

இதில் ஒரு ரோபோகூட முட்டாள் இல்லை, கெட்டதும் இல்லை. ரோபோக்கள் மனிதனை எதிர்த்துக் கிளம்பும் அறிவியல் கதைகள் அதற்கு முன்பே ஏராளம். வாக்னர் அந்தக் கதையையே எடுத்துக்கொண்டு, எதிர்ப்பை மட்டும் கழற்றிவிட்டார். இங்கே மனிதர்கள் சிறைக்குப் போவது ரோபோக்களின் விசுவாசத்தால். 'மனிதன் உயர்ந்தவன்' என்று தற்பெருமையோடு எழுதி வைத்த கையைத்தான் நாம் பார்த்துச் சிரிக்கிறோம். இந்த இடத்தில் ரோபோவை எடுத்துவிட்டு முனியனை வைத்துப் பாருங்கள், கதை ஒரு நிமிடம்கூட நிற்காது.

அறிவியல் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் தமது ரோபோ விதிகள் மூன்றையும் வரிசையாகச் சொன்ன 1942-ஆம் ஆண்டுக் கதையிலேயே இந்தச் சிரிப்பு இருக்கிறது. புதன் கிரகத்தில் செலினியம் எடுத்துவர ஒரு ரோபோவை அனுப்புகிறார்கள். கட்டளையைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்கள், அழுத்திச் சொல்லவில்லை. அந்த ரோபோ விலை உயர்ந்தது என்பதால் தன்னைக் காத்துக்கொள்ளும் விதி அதற்குச் சற்றுக் கூடுதலாகவே ஊட்டப்பட்டிருக்கிறது. செலினியக் குளத்துக்குப் பக்கத்திலோ ஆபத்து. போகச் சொல்லும் விதியும் வரச் சொல்லும் விதியும் சமமாக நிற்கிற தூரத்தில் அது குடித்தவன் மாதிரி உளறிக்கொண்டு குளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பகடி எழுத உட்காருகிறவர் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டால் போதும்: இரண்டு விதி, இரண்டும் நியாயம், நடுவில் மாட்டிக்கொள்ளும் ஒரு இயந்திரம்.

ஜப்பானியர்களின் வழி வேறு. ஒசாமு தெசுகா 1952-ல் படைத்த இரும்புச் சிறுவன் 'ஆட்டம்' (ஆஸ்ட்ரோ பாய்) என்ற ரோபோவுக்கு 1,00,000 குதிரைசக்தி. ரோபோ என்றால் இப்படிப் பெரிய எண் ஒன்றைச் சொல்வது அந்த வகைக் கதைகளின் வழக்கமாகிவிட்டது. 1969 இறுதியில் வந்த பூனை ரோபோ டோரேமானைப் பாருங்கள். உயரம் 129.3 சென்டிமீட்டர், எடை 129.3 கிலோ, சக்தி 129.3 குதிரைசக்தி. எலியைக் கண்டு துள்ளும் உயரமும் அதே 129.3 சென்டிமீட்டர். மார்பளவு, தலையளவு எல்லாம் அதே எண். இயந்திரத்தின் விவரப் பட்டியலே ஜோக்காக மாறிவிட்டது. அது எலிக்குப் பயப்படுவதற்கும் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது: ஒரு ரோபோ எலி அதன் காதைக் கடித்துத் தின்றுவிட்டது. காரணம் இருப்பதால்தான் அந்தப் பயம் திரும்பத் திரும்ப வந்தாலும் சலிக்கவில்லை.

அகிரா தோரியாமா 1980-ல் தொடங்கிய 'டாக்டர் ஸ்லம்ப்' கதையின் அராலே இன்னும் ஒரு படி மேலே. ஒரே குத்தில் பூமியைப் பிளந்துவிடும் ரோபோச் சிறுமி அவள். ஆனால் கிட்டப்பார்வை, மூக்குக் கண்ணாடி இல்லாமல் முடியாது. தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விளையாடுவாள். எல்லாம் வல்ல இயந்திரம், ஒரே ஒரு குறை, அந்தக் குறையும் செய்தவர் விட்டது. நம் படக்கதைகளில் ரோபோவுக்குக் காது கேட்காது, கை நடுங்கும், மறதியும் உண்டு என்று மூன்று நான்கு குறைகளை ஏற்றிவிடுகிறார்கள். அப்போது நான்காவது கட்டத்தில் எது கோளாறு செய்தது என்று வாசகருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் சிரிப்பு வராது. குறை ஒன்றுதான் இருக்க வேண்டும். அதுவும் முதல் கட்டத்திலேயே கண்ணில் பட வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். நம் மொழியில் இதற்குக் கிடைக்கிற சரக்கு கொஞ்சமல்ல. சில ஊர்களில் வீட்டைப் பெருக்குவார்கள், சில ஊர்களில் கூட்டுவார்கள். இரண்டுமே கணக்குச் சொல்! ஒரு நான்கு கட்டப் படக்கதையை இதை வைத்தே செய்து காட்டுகிறேன்.

முதல் கட்டம்: மளிகைக் கடை. மார்பில் எண் பொத்தான்கள் உள்ள ரோபோ. கடைக்காரர் சீட்டை நீட்டி, "இதைப் பெருக்கு" என்கிறார். ரோபோ: "360." அவ்வளவுதான். ரோபோவின் உலகத்தில் பெருக்கு என்றால் என்ன பொருள் என்பது இங்கேயே நிலைநாட்டப்பட்டுவிட வேண்டும். இந்தக் கட்டத்தை விட்டுவிட்டுத் தொடங்கினால் மீதி மூன்றும் வெறும் சிலேடையாகிவிடும், ரோபோ வேண்டுமென்றே குறும்பு செய்கிறது என்று தோன்றும்.

இரண்டாவது கட்டம்: கடைக்காரரின் வீடு. அவர் மனைவி தென்னந் துடைப்பத்தை நீட்டுகிறார்: "வீட்டைப் பெருக்கு." ரோபோ: "எதால்?"

மூன்றாவது கட்டம்: அவர் முகம் சுளிக்க, "துடைப்பத்தாலதான், வேற எதால?" ரோபோ துடைப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பேசவில்லை. இந்த மௌனம் முக்கியம். இங்கே ரோபோ ஒரு வரி பேசினாலும் அடுத்த கட்டத்தின் வலு போய்விடும்.

நான்காவது கட்டம்: கட்டு அவிழ்ந்த துடைப்பம், தரை முழுக்க ஈர்க்குகள் வரிசை வரிசையாக. நடுவில் ரோபோ: "வீடு 1. ஈர்க்கு 412. விடை, 412 வீடு." அந்த அம்மா வாசலில் நிற்கிறார். முன்பு இருந்த குப்பையோடு இப்போது ஈர்க்கும் சேர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் "பட்டா யார் பேரில்?" என்று இன்னொரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்கக் கூடாது. கணக்கு ரோபோவுக்குப் பட்டா தெரியாது. தெரிந்தால் அது ஊர் நடப்பு அறிந்த மனிதன், மறுபடியும் முனியன் வந்துவிடுவான். 412 என்ற எண்ணையும் யோசித்துத்தான் போட வேண்டும். 400 என்றால் ரோபோ தோராயமாகச் சொன்னது போல இருக்கும். முழு நூறாக முடியாத 412, அது ஒவ்வொரு ஈர்க்கையும் எண்ணியிருக்கிறது என்பதைத் தானே சொல்லிவிடும்.

'விளக்கை அணை' என்றதும் ரோபோ விளக்கைக் கட்டிப்பிடிக்கும் ஜோக்கும் பலருக்குத் தோன்றக்கூடியது. அது ஏன் எடுபடாது என்றால், அணை என்பதற்குத் தழுவு என்ற பொருள் பேச்சில் குறைவு, பாட்டிலும் செய்யுளிலும்தான் அதிகம். ரோபோவுக்கு ஊட்டியது பழைய இலக்கிய அகராதி என்று முதல் கட்டத்தில் காட்டிவிட்டால் அதுவும் எழுந்து நிற்கும்.

அமெரிக்காவில் 1962-ல் வந்த 'மெட்டல் மென்' என்ற ரோபோக் கூட்டத்தில் தங்கம், இரும்பு, ஈயம், பாதரசம், வெள்ளீயம், பிளாட்டினம் என்று ஆறு பேர். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த உலோகத்தின் குணம். சாதாரண வெப்பத்தில் திரவமாக இருக்கிற உலோகம் நான்தான் என்று பாதரசம் பீற்றிக்கொள்ளும். நம் சமையலறையிலும் பித்தளை, எவர்சில்வர், அலுமினியம், தகரம் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. புளி போட்டுத் தேய்க்காவிட்டால் முகம் கறுத்துப்போகும் பித்தளை ரோபோவை யாராவது வரைந்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். டோரேமானுக்கு எலி எப்படியோ, அப்படி இந்தக் குடும்பத்துக்கு "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்ற தெருக் குரல்.

அடுத்தது பேச்சு. ரோபோ பேசுகிறது என்று காட்ட எழுத்துக்கு எழுத்து கோடு போட்டு 'வ-ண-க்-க-ம்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலப் படக்கதையில் அது நடக்கும். தமிழில் மெய்யெழுத்து தனியாக நிற்காது. 'க்' என்பதை மட்டும் எப்படி வாசிப்பது? வாசகர் அந்த இடத்தில் தடுக்கி விழுகிறார். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அசையாகப் பிரியுங்கள்: 'வணக்-கம்', 'பெருக்-கவா'. யாப்பு இலக்கணம் நமக்கு ஏற்கெனவே வெட்டிக் கொடுத்திருக்கிற இடம் அது, வாய்க்கும் இயல்பாக வரும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்றும் உண்டு. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் பேச்சுத் தமிழில் பேசட்டும், ரோபோ மட்டும் விகுதி குறையாத எழுத்துத் தமிழில் பேசட்டும். "சாப்டியா?" "உண்ணும் வசதி எனக்குப் பொருத்தப்படவில்லை." எந்தக் கோடும் தேவையில்லை, குரல் தானாகக் காதில் கேட்கும். அதே '2000 ஏடி' இதழின் 'ஜட்ஜ் டிரெட்' படக்கதையில் வால்டர் என்ற வீட்டு ரோபோவுக்கு ஆங்கில 'ர' வராது, 'வ' என்றுதான் வரும். தன்னையே 'வோபோ' என்று சொல்லிக்கொள்ளும். குடியுரிமை கொடுத்து விடுதலை செய்த பிறகும் எஜமானரை விட்டுப் போகாத ரோபோ அது. அதைத் தமிழில் அப்படியே கொண்டுவர முடியாது. நம்மிடம் ழகரம் இருக்கிறது. வீட்டில் அத்தனை பேரும் 'வாளப்பளம்' என்று சொல்ல, ரோபோ ஒன்று மட்டும் 'வாழைப்பழம்' என்று சுத்தமாகச் சொல்லி, "தாங்கள் கேட்ட வாளப்பளம் இருப்பில் இல்லை" என்றால் போதும். இங்கும் தவறு மனிதர் பக்கம்.

தமிழ் வாசகர்களுக்கு ரோபோ என்றதும் நினைவுக்கு வருவது சிவகாசி லயன் காமிக்ஸ் கொண்டுவந்த ஆர்ச்சி, செல்லமாகச் சட்டித்தலையன். பிரிட்டனின் 'லயன்' வார இதழில் 1952-ல் பிறந்த பாத்திரம். ஆர்ச்சி அடிக்கும் தம்பட்டம் மனிதக் குணம்தானே, அது மட்டும் எப்படி எடுபடுகிறது என்று கேட்கலாம். அது சொன்ன பலத்தைச் செய்து காட்டிவிடுகிறது, அதனால்தான். தன் பலத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது இயந்திரத்துக்கு உண்மை. கேட்கிற மனிதருக்குத்தான் அது தற்பெருமை. மேலும் ஆர்ச்சி சாகசக் கதைக்காகப் பிறந்தது, சிரிப்பு அதற்கு ஊறுகாய்.

ஓவியத்தில் மூன்று சிறு விஷயங்கள். இரும்பு முகத்தில் வியர்வைத் துளி போடக் கூடாது, புருவம் தூக்கக் கூடாது. ரோபோவின் முகம் நான்கு கட்டத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். பக்கத்தில் நிற்கும் மனித முகம் கட்டத்துக்குக் கட்டம் மாறட்டும். சிரிப்பை வாசகர் அந்த முகத்தில்தான் படிப்பார். அடுத்து, மார்பில் ரிவிட் ஆணி நான்கு போதும். முதல் வாரம் நாற்பது போட்டால் மூன்றாவது வாரத்திலேயே எண்ணிக்கை தவறும், சிறுவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, முக்கால் முகம் என்று நான்கு கோணத்தில் ஒரு மாதிரித் தாள் வரைந்து மேசையில் ஒட்டிக்கொண்டால், ஆன்டெனா இந்த வாரம் இடது காதிலும் அடுத்த வாரம் வலது காதிலும் முளைக்காது. மூன்றாவது, மூட்டு. உருண்டை மூட்டு வரைந்தால் கை மடங்கும், நீளாது. துருத்தி மாதிரி மடிப்பு வைத்தால் நீளும். சென்ற மாதப் படக்கதையில் உருண்டை மூட்டுக் கை பரண் வரைக்கும் நீண்டுவிட்டது.

எழுத்து வடிவம்தான் எனக்குப் பெரிய மனக்குறை. இயந்திரக் குரல் என்று காட்ட ரோபோவின் பலூனில் சதுர எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் வளைவை எடுத்துவிட்டால் ப, ம, ய மூன்றும் ஒரே சாயலுக்கு வந்துவிடும். சதுரமாக்க வேண்டியது பலூனின் ஓரத்தை. உள்ளே எழுத்து வழக்கம்போல வட்டமாகவே இருக்கட்டும். நாளிதழ்த் தாளில் மை பரவும். ணை, ளை, ழ் போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அச்சில் எழுத்து உயரம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அச்சளவுக்கு இரண்டு மடங்கில் வரைகிறார் என்றால் தாளில் 5 மில்லிமீட்டர். 24 சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு கட்டம் என்றால் ஒரு கட்டத்துக்கு 6 சென்டிமீட்டர்கூடக் கிடைக்காது; ஒரு பலூனுக்கு 8 முதல் 10 சொல், அதற்கு மேல் இடமில்லை. வரி உடைக்கும்போது புள்ளி எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வரவே கூடாது. சென்ற வாரம் 'சார்ஜ்' என்ற சொல்லில் 'ஜ்' மட்டும் தனியாகக் கீழே தொங்கியது. கோட்டோவியத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), சாம்பல் இல்லாத சுத்தக் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தால் ரிவிட் ஆணியும் புள்ளியும் பிழைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். '2000 ஏடி' இதழில் ஆசிரியரே வேற்றுக் கிரகவாசி என்பது ஒரு நிரந்தர விளையாட்டு; அவருக்குக் கீழே வேலை செய்யும் எழுத்தாளர், ஓவியர் எல்லோரும் ரோபோக்கள். பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் படைத்தவர் பெயரைப் பெரும்பாலும் போடாத காலத்தில், அந்த விளையாட்டைச் சாக்காக வைத்து, எழுத்து ரோபோ இன்னார், ஓவிய ரோபோ இன்னார், பலூன் எழுத்து ரோபோ இன்னார் என்று கதையோடு பெயர்களை அச்சிட்டார்கள். தங்கள் படக்கதையின் கீழே யார் பெயரும் இல்லை. கட்டத்தின் ஓரத்தில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு முதல் எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் அங்கே போடுங்கள்.

இப்படிக்கு,
படக்கதை வாசகர் ஒருவர்,
மதுரை